பட்டையில் என்ன எழுதுவது

அண்ணா,

நேற்று மாலை தையற்கூடத்தில் இருந்தவர்கள்: அம்மா, ஜன்னலோரம், நீ கால் நீட்டிக்கொண்டு உட்காரும் அதே பிரம்பு நாற்காலியில். தங்கை, வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல், முக்காலியில். மாப்பிள்ளை, மேசைக்கு இந்தப் பக்கம், வலது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு. நான் தையல் மெஷின் முன்னால். நடுவில் மேசைமேல், நீ செய்த சட்டை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்கு மீதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வரிசையாகச் சொல்ல அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சட்டையின் மேல்கையில் உள்ளே வைத்துத் தைத்த பட்டை. உள்துணி நனைந்தால் உன் குட்டி மோட்டார் ஓடும். பட்டை தானாக இறுகும். வெட்டுப்பட்ட கையிலிருந்து ரத்தம் நிற்கும். நீ ஊரை விட்டுப் போகும்முன் மர மில்லில் எல்லாருக்கும் ஆளுக்கொன்று தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாய். இப்போது அந்தச் சட்டைகள் எல்லாம் மில்லில் ஆணியில் தொங்குகின்றன. மழைக்கு முந்தைய இந்தப் புழுக்கத்தில் வியர்வை வழிந்தாலே உன் மோட்டார் ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறது.

கடைசிவரை போட்டிருந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். மச்சான் செய்த சட்டை என்ற மரியாதையும் இருக்கலாம், பெண்டாட்டிக்குப் பயமும் இருக்கலாம். போன வாரம் வட்ட ரம்பத்தில் பலகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பட்டை பிடித்துவிட்டது. கை மரத்துப்போய்ப் பலகை எகிறியிருக்கிறது. எதிரே பலகையை வாங்கும் கூட்டாளி சட்டென்று சுவிட்சை அணைத்ததால் ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி மரத்தூள் குவியலில் வீசிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கைதான் போய் அதைத் தேடி எடுத்து வந்தாள். இன்று திங்கட்கிழமை அவர் திரும்ப வேலைக்குப் போகவேண்டும். பேச்சு அதற்காகத்தான்.

"பட்டை இல்லாம ரம்பத்துக்கிட்ட போகக் கூடாது," என்றாள் தங்கை. "போனா நானும் கூட வருவேன். பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருவேன்."

"வாயேன். மில்லுல எல்லாருக்கும் பொழுது போகும்."

"சிரிக்காதீங்க. எங்க வார்டுக்கு எப்படி வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. காயம் கையிலதான் இருக்கும், ஆளு வழியிலயே முடிஞ்சிருப்பான். மேல ஒரு பட்டை இறுக்கியிருந்தா உசுரோட வந்திருப்பான்."

"அதெல்லாம் சரிம்மா. ஆனா அது நெனச்சப்ப கையைப் பிடிச்சா நான் ரம்பத்து மேலயே விழுவேன். அப்புறம் எந்த ரத்தத்தை நிறுத்தும்?"

இருவர் சொன்னதும் சரி. நான்தான் மெதுவாகச் சொன்னேன், மோட்டாரை எடுத்துவிட்டு, கையால் இழுக்கிற மாதிரி வைத்தால் என்ன என்று.

அம்மா சட்டென்று திரும்பினாள். "பெரியவன் மனசு நோகும்டா. ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சான்."

அண்ணா, எனக்கு அது தெரியாதா? அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் இந்த அறை நிறைந்துவிடுகிறது. சைக்கிள் ட்யூபுக்குள் சிவப்பு மைத் தண்ணீரை ஏற்றி, அதைத் தலையணைக்குள் செருகி, அப்பாவின் பழைய கால்சட்டையை அதற்கு மாட்டி, "இதான் தொடை" என்று நீ அறிவித்தாயே! பட்டையை இறுக்குவதற்குள் ட்யூப் பிய்த்துக்கொண்டு, அம்மா துவைத்து மடித்து வைத்திருந்த விரிப்பெல்லாம் கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. அன்று நமக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. வெளியே போய் பன் வாங்கித் தின்றோம், சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

பிறகு உனக்கு நிஜக் கை வேண்டியிருந்தது. நம் இருவர் கையும் குச்சி. அப்போதுதான் பக்கத்துத் தெரு மில்காரர் ஒருவர் கால்சட்டையின் உயரத்தைக் குறைக்க வந்தார். "என் கையை எடுத்துக்குங்க," என்று நீட்டினார். தங்கை அப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பது அவள் வேலை. பட்டை சரியாக இறுகினால் நாடி நிற்க வேண்டும்.

"நின்னுச்சா?" என்று கேட்டாய் நீ.

"இல்லண்ணா, முன்னவிட வேகமா அடிக்குது."

நீ பட்டையில்தான் கோளாறு என்று நினைத்து இன்னும் இறுக்கினாய். அவர் விரல்கள் நாவற்பழ நிறத்துக்குப் போனபிறகும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. "வேணும்னா இன்னொரு தடவை பாத்துடலாம்," என்றார். அதற்குப் பிறகு நாள் தவறாமல் ஒரு கால்சட்டையோடு வந்தார். குறைத்துக் குறைத்து அவரிடம் இருந்தவை எல்லாம் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டன. நமக்குத்தான் புரிய நாளானது. அம்மாவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டதாம், நேற்றுதான் சொல்கிறாள்.

இந்தப் பட்டை நம் வீட்டுக்குள் கொண்டுவந்த மாப்பிள்ளை அவர். அதனால்தான் இது எனக்கு வெறும் துணியும் நாடாவுமாகத் தெரியவில்லை.

மோட்டார் வேண்டும் என்று நீ ஏன் அடம்பிடித்தாய் என்பதும் எனக்கு மறக்கவில்லை. தகரக்கடையில் உன் நண்பன், தகடு கையை வெட்டி, ரத்தம் வடிய வடியத் தனியாக விழுந்து கிடந்தான். "தனியா கிடக்கிறவனுக்கு யாருடா இழுப்பா?" என்று மேசையைத் தட்டுவாய். நீ கேட்டது நியாயம்தான். ஆனால் ரம்பத்தில் யாரும் தனியாக நிற்பதில்லை அண்ணா. தள்ள ஒருவர், வாங்க ஒருவர். நேற்று இதை அம்மாவிடம் சொன்னேன். "சரி, எடு," என்றாள்.

திருகாணிகளைக் கழற்றி மோட்டாரை எடுத்தேன். நாடாவில் ஒரு சாதா பக்கிள் கோத்தேன். மாப்பிள்ளை கையை நீட்டினார். தங்கை ஒரு கையால் நாடி பார்த்தபடி மறு கையால் இழுத்தாள். வருடங்கள் கழித்து அதே மேசை, அதே இருவர். நான் மெஷினைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"இன்னும்," என்று இழுத்தாள். "இன்னும் கொஞ்சம்."

"அம்மாடி!" என்று மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன் இருந்த பொறுமை இப்போது அவருக்கு இல்லை.

அவ்வளவுதான். அம்மா எழுந்து வந்து, "என்னடி பண்ற புள்ளைய!" என்று பக்கிளைத் தட்டிவிட்டாள். பட்டை தொளதொளவென்று விழுந்தது.

நாங்கள் சிரித்துவிட்டோம். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இப்ப நிஜமா வெட்டுப்பட்டிருந்தா நீ அவரைக் கொன்னிருப்ப," என்றாள்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "கத்தினாரேடி."

"வலிக்கத்தான் செய்யும். வலிச்சாத்தான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

மாப்பிள்ளை வெளியே போய், தன் வண்டியில் பலகை கட்டும் நாடாவின் பல்பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். இழுக்க இழுக்கக் கடக் கடக்கென்று முன்னால்தான் போகும், பின்னால் வராது. "இதை அத்தையால அவிழ்க்க முடியாது," என்றார்.

அதை வைத்துத் தைத்தேன். மறுபடி இழுத்தோம், மறுபடி கத்தினார். அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "கத்திரி எங்கடா?"

தையற்கூடத்தில் கத்திரிக்குப் பஞ்சமா? மாப்பிள்ளை வலியோடு வலியாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நாடி நின்றதைப் பார்த்துக்கொண்டு தங்கையே ஒரு கத்திரியால் வெட்டி எடுத்தாள். "ஆஸ்பத்திரியில நாங்க இப்படித்தான் வெட்டுவோம். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது. அதைப் பட்டையிலயே எழுதணும், சின்னண்ணா."

என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை.

"தளர்த்தவேண்டாம்" என்றேன். ஏதோ அலுவலகச் சுவரில் இருப்பதுபோல் இருக்கிறது என்றாள் தங்கை. "அவிழ்க்காதே" என்றாள். "என் கூட்டாளி என்னைவிட வயசுல பெரியவரு, என் சட்டை அவரைப் பாத்து 'அவிழ்க்காதே'ன்னா கோச்சுக்குவாரு," என்றார் மாப்பிள்ளை. "ரத்தம் ஓடறப்ப உங்களுக்கு வாங்க போங்க வேணுமா?" என்றாள் தங்கை. "நீ எனக்கு வெட்டுப்பட்டாலும் 'என்னங்க'ன்னுதானே கூப்பிடப்போற?" என்றார் அவர்.

தங்கை அம்மாவைப் பார்த்தாள். "நீ சொல்லு. என்ன எழுதியிருந்தா நீ கையை எடுத்திருப்ப?"

அம்மா யோசித்தாள். "அவிழ்க்காதேன்னு எழுதினாலும் அவிழ்ப்பேன். எழுத்தைப் பாக்கிற நேரமா அது? என் காதுல அவர் சத்தம்தான் இருக்கும்." மறுபடி யோசித்தாள். "கத்தினா கத்தட்டும்னு எழுது. அப்பத்தான், ஓ, இது கத்தத்தான் வைக்கும்போலன்னு எனக்குத் தோணும்."

அதுதான் சரி என்று எல்லாருக்கும் பட்டது. அதில் யாரையும் 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்கள்' என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "கத்தினா கத்தட்டும்." பிறகு தங்கையைப் பார்த்து, "ஏன்டி, உனக்கு மனசு வருமா?" என்று கேட்டார்.

"வரணும்," என்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "சரி, போட்டுக்கிறேன்," என்றார். வேறு எதற்கும் அவர் சம்மதித்த மாதிரி தெரியவில்லை; அந்தக் கண்ணுக்குத்தான் சம்மதித்தார்.

வெட்டியதற்குப் பதில் புதிதாக ஒரு கறுப்புப் பட்டை வைத்து, அதில் வெள்ளை நூலால் நானே எழுத்துகளைத் தைத்தேன். பூட்டின் நுனியை வெளிப்பக்கமாக, கூட்டாளியின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். மில் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சரியென்றால் ஆணியில் தொங்குகிற மற்ற சட்டைகளையும் பிரித்துத் தைப்பேன். எல்லாருக்கும் ஒருதரம் இழுத்துக் காட்ட, கத்தவைத்துக் காட்ட, தங்கை மில்லுக்கு வருகிறாள்.

உன் மோட்டாரைத் துணியில் சுற்றி, நீ வேலை செய்த மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவில்லை. தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அது வேண்டும். வியர்வைக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிகிற துணி உனக்கு அங்கே கிடைத்தால் இங்கே வா. ட்யூபும் சிவப்பு மையும் நான் வாங்கி வைக்கிறேன். அம்மா விரிப்புகளை ஒளித்து வைத்துக்கொள்ளட்டும்.

கோபம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். தங்கை மேல்கையைத் தடவிப் பட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்கிறாள். "மச்சான், தபால் பெட்டி தாண்டித்தான் போறேன், முடிச்சுட்டீங்களா?" என்கிறார். முடித்துவிட்டேன். மடித்து, ஒட்டி, அவர் கையில் கொடுக்கிறேன்.

உன் தம்பி