சிமிட்டாத ஒளி

ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை.

பொஜேனா கதவைச் சாத்திவிட்டுக் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டினாள். வழக்கப்படி மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பியாகிவிட்டது. மேலே நான்கு தட்டுகள்.

"ஒண்ணை எடுத்துடு" என்றார் அவளுடைய மாமனார் க்ளெமென்ஸ்.

அவள் பார்த்தாள். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு எல்லா வீட்டிலும் வைப்பதுபோல் ஒன்று. நான்காவதைக் கை தானாக வைத்திருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முழுவதும் விரதம். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. நான்கு மணிக்குத் தெரிந்துவிடும் என்று நம்பி, க்ளெமென்ஸ் மூன்றரைக்கே இன்சுலின் போட்டுக்கொண்டார். அதன் பிறகு மேகம் மூடியது.

இப்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கி அவர் நெற்றியில் வியர்வை. கையிலிருந்த கரண்டி தட்டின் விளிம்பில் கடகடவென்று அடித்தது.

"மாமா, ஒரு வாய் சர்க்கரையாவது போட்டுக்குங்க."

"நட்சத்திரம் வரட்டும்."

"வரலைன்னா?"

"வராம எங்க போகும்? மேகத்துக்குப் பின்னாடிதான் நிக்குது."

"இருக்குன்னு தெரியுதில்ல, அப்புறம் என்ன? மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடணும்."

"கூப்பிடு. அவங்களும் நட்சத்திரத்துக்காகத்தான் காத்துட்டு இருப்பாங்க." அவர் உதடு வறண்டிருந்தது. "செவெரின்கிட்ட இப்படிப் பேசியிருப்பியா நீ?"

பேசியிருக்க மாட்டாள். அவள் கணவன் செவெரின் இருபத்திரண்டு வருடம் காட்டுத்தீ பார்க்கும் கோபுரத்தில் வேலை செய்தவன். தூரத்து வெளிச்சம் எதுவானாலும் பெயர் சொல்லிவிடுவான். ஒவ்வொரு வருடமும் சூப்பைத் தட்டில் ஊற்றச் சொல்லிவிட்டு அவன்தான் வெளியே போவான். நகர்ந்தால் விமானம். சிவப்பாக இருந்தால் செல்போன் கோபுரம். சிமிட்டாமல் நின்றால் கிரகம். கிரகம் கணக்கில் சேராது. மூன்று வருடத்துக்கு முன்பு வியாழன் பளிச்சென்று நிற்க, நாற்பது நிமிடம் எல்லோரையும் காக்க வைத்தான். "வயித்துக்கு எல்லாம் ஒண்ணுதான்டா, வாடா உள்ளே!" என்று அன்று கத்தியவர் இதே க்ளெமென்ஸ்தான்.

இந்த வருடம் செப்டம்பரில் அந்தக் கோபுரத்து ஏணியிலேயே அவன் இதயம் நின்றுவிட்டது. அதன் பிறகு பொஜேனாவுக்கு எல்லாச் சத்தமும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. வேலைகளைச் செய்கிறாள்.

மறுபடி வெளியே போனாள். கதவைத் திறந்தே வைத்தாள். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு மிரெக் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னுமா ஆரம்பிக்கலை? எங்க வீட்டுல மீனே முடிஞ்சுது. என் பொண்டாட்டி தெருவிளக்கைப் பார்த்து நட்சத்திரம்னுட்டா. நான் எதுக்கு அவகூடச் சண்டை போடணும்?"

"நல்லது."

"கிழவர் எப்படி இருக்காரு?"

"நடுங்கிட்டு இருக்காரு."

மிரெக் சிகரெட்டைப் பனியில் அழுத்தினான். உள்ளே போனான்.

அப்போது தென்மேற்கில் மேகம் விலகியது. அவன் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே ஓர் ஒளி.

"தெரியுதா?" உள்ளிருந்து க்ளெமென்ஸின் குரல் குழறியது.

"ஒண்ணு தெரியுது."

"நகருதா?"

புகைபோக்கியின் விளிம்போடு வைத்துப் பார்த்தாள். "நகரலை."

"சிமிட்டுதா?"

வெள்ளையாக, பெரிதாக இருந்தது. சிமிட்டவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தாள். அது அப்படியே நின்றது. உள்ளே கரண்டி தரையில் விழுந்தது.

"சிமிட்டுது" என்றாள்.

உள்ளே வந்து மெல்லிய அப்பத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைத்தார்கள். உடைக்கும்போது வாழ்த்துச் சொல்ல வேண்டும். "அடுத்த வருஷமாவது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் உலர்பழம் காய்ச்சிய இனிப்பு நீரை அவர் வாயில் வைத்துப் பிடித்தாள். ஒரு குவளை. இன்னொரு குவளை. பதினைந்து நிமிடத்தில் கை நடுக்கம் நின்றது. முகத்தில் நிறம் வந்தது.

அடுப்பிலிருந்து பீட்ரூட் சூப்பை எடுத்து ஊற்றினாள்.

"தென்மேற்குலயா பார்த்தே?"

"ஆமா."

"மிரெக் வீட்டுப் புகைபோக்கிக்கு மேல?"

"ஆமா."

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். "அது வெள்ளிக் கிரகம். போன வாரம் கல்லறையிலிருந்து திரும்பும்போது பார்த்தேன்."

"தெரியும் மாமா."

"அவன் இருந்திருந்தா இது ஆறிப்போயிருக்கும்."

"ஆமா."

பொஜேனா குனிந்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். இத்தனை வருடத்தில் இந்த இரவில் சூடான சூப்பைக் குடித்ததே இல்லை. நாக்கு சுட்டது. சுட்டது என்று தெரிந்தது. அடுத்த கரண்டியை ஊதாமலே எடுத்தாள்.