சின்னவளின் நாற்காலி

பெரியவளின் வயிற்றெரிச்சல் ஒரு காலி நாற்காலியில் தொடங்கியது. அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நடத்திய பார்லர் அது. முடிவெட்ட ஆளுக்கொரு நாற்காலி. வருகிறவர்களோ, பெரியவளுடையது காலியாகக் கிடந்தாலும், சின்னவள் கை ஒழியட்டும் என்று சோபாவில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டுவார்கள். பெரியவள் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே நிற்பாள்.

சேர்ந்திருந்தது போதும், கடையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கடைசியில் சொல்லிவிட்டாள். சின்னவள் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவும் எரிந்தது.

கடைக்கு ஆடிட்டர் போட்ட விலைப்பட்டியலில் கண்ணாடி, நாற்காலிக்கெல்லாம் கீழே 'குட்வில்' என்று ஒரு தொகை, எல்லாவற்றையும்விடப் பெரிதாக. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எதற்குக் காசு என்று பெரியவள் மல்லுக்கு நின்றாள்.

"பழகின ஆளுங்க பழகின கடைக்கே வருவாங்கல்ல, அதுக்குத்தாம்மா," என்றார் அவர். "முதல்ல அது வெறும் நல்லெண்ணம்தான். கடையை வாங்கினவங்க நல்லா இருக்கட்டும்னு வித்தவங்க நினைக்கிறது. போகப்போக அதுக்கும் ஒரு விலை வந்துடுச்சு."

அவளாவது எனக்கு நல்லது நினைப்பதாவது என்று கறுவிக்கொண்டே பெரியவள் கையெழுத்துப் போட்டாள். அன்றே தன் நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு, சின்னவளின் நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டாள். ராசி அதில்தான் இருக்கிறது என்பது அவள் கணக்கு.

சின்னவள் நாலு தெரு தள்ளிப் புதுக்கடை போட்டாள். ஆனாலும் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் பெரியவளிடமே வந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போனால் கடை ஓடாதா என்ன என்று கணவனிடம் தினமும் அளந்தாள்.

சோபாவில் காத்திருந்தே பழகிய டீச்சரும் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். பெரியவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தக் கடைக்குப் போகலையா டீச்சர்?"

"போனேனே. பழைய ஆளுங்களை நான் எடுக்கிறதில்லை, உங்களையெல்லாம் அக்காவுக்கு வித்தாச்சுன்னு சிரிச்சாங்க. எல்லாரையும் அப்படித்தான் திருப்பி அனுப்புறாங்களாம். உங்க கை ரொம்ப நிதானம்னு வேற சொன்னாங்க."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் சின்னவள் அனுப்பி வந்தவர்கள். இத்தனை நாள் அவளைத் திட்டித் திட்டியே ஆறிய மனதுக்கு இனி அந்தச் சாக்கும் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய பொருள் கொஞ்சமும் குறையாமல் வந்து சேர்ந்துவிட்டது. அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.