மீன்தலைப் பை

ராத்திரி கரடி உருட்டிவிட்ட குப்பைத்தொட்டி தெரு நடுவில் மல்லாந்து கிடந்தது. சால்மன் மீன் தலைகளும் குடலும் சரளைக்கல்லில் இழுபட்டுக் கிடந்தன. வனத்துறை அதிகாரி கர்பி, வண்டியில் கட்டி இழுத்து வந்த இரும்புக் கூண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். குப்பையில் ருசி கண்டு கூண்டில் மாட்டும் கரடியைக் காட்டில் விடமாட்டார்கள். சுட்டுவிடுவார்கள்.

"கடைசி வீட்டுக்குப் புதுசா வந்திருக்கானே, அவன் வேலைதான்," என்றார் பக்கத்து வீட்டு லார்ன். "பட்டணத்துக்காரன். மீன்கழிவை ஃப்ரீசர்ல வைக்கணும்னு அவனுக்கு எங்க தெரியப்போவுது?"

வாசனைக்குக் கரடி வந்துவிடக் கூடாதென்று, கனடாவின் ஸ்கீனா ஆற்றோரத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். குடலும் தலையும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே உறைந்து கிடக்கும். குப்பை வண்டி வரும் காலையில்தான் வெளியே வரும். போன வருஷம் லார்னே பை மாறிப்போய்க் குடலில் சூப்பு வைத்தவர்.

வெர்னா தன் வாசற்படியில் நின்றிருந்தாள். மீன் ஆலையில் இரண்டு ஷிப்ட் நின்றதில் இடுப்பு கடுத்தது. விடியக்காலை யார் எழுந்திருப்பது என்று நேற்றுச் சாயங்காலமே பையைத் தொட்டியில் போட்டுவிட்டாள். கிழிந்த பையில் அவள் போட்ட முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. உள்ளே போய்விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஊரார் தின்னும் மீனை நாளெல்லாம் சுத்தம் செய்கிற கை, தன் வீட்டு மிச்சத்தை ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளச் சோம்பிவிட்டது.

படி இறங்கினாள்.

"அவனை விடும் லார்ன். பை என்னோடது."

"நீயா? ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு!"

"குடல் சூப்பு குடிச்சவரு கொஞ்சம் சும்மா இரும்."

கர்பி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அபராதம் உண்டுக்கா."

"கட்டறேன் தம்பி. கூண்டை மட்டும் வைக்காத. ஒரு துணுக்கு இல்லாம கழுவிடறேன். கரடி திரும்பி வந்தா வெறும் கல்லுதான் கிடைக்கும்."

"தொட்டியில கை வச்சா?"

"வைக்க விடமாட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள்தான். இன்னொரு தொட்டி சாஞ்சா கூண்டு இறங்கும்."

அள்ளியதை எல்லாம் இரட்டைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தாள். கல்லைத் தேய்த்தாள். லார்ன் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார். கடைசி வீட்டுக்காரன் கேட்காமலே துடைப்பத்தோடு வந்து நின்றான்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனைப் புதர் அசைந்தது. கரடி. வெர்னா வீட்டில் இருந்ததிலேயே பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டிகளுக்கு முன்னால் போய் நின்றாள். இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தாள்.

"போ! இங்க உனக்கு ஒண்ணுமில்ல, போ!"

பின்னால் ஒரு வாசலில் வாணலி ஒலித்தது. அப்புறம் இன்னொன்று.

கரடி மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. ஈரக்கல்லின் வாசனை மட்டும்தான் இருந்தது. வெர்னா கரண்டியை மறுபடி ஓங்கினாள்.