விளிம்பில்லாத தோட்டாக்கள்

மார்கழி தன் கடைசி நாட்களுக்கு வந்திருந்தது. வைகறையில் இறங்கிய பனி, பொழுது பனைமர உயரம் ஏறிய பின்னும் வயலை விட்டு அகலவில்லை. சம்பா நெல் முற்றிப் பொன்னாகித் தலை சாய்த்து நின்றது. நின்ற நெல்லுக்கு அரிவாள் வரவில்லை. ஆட்சி மாறி நான்காண்டுகள் ஆகப்போகின்றன; கூலிக்குச் சட்டம் வந்திருந்தது. சட்டம் சொன்னதைக் கொடுக்க மேலத்தெரு மறுத்தது. அதற்குக் குறைந்து அறுக்கக் கீழத்தெரு மறுத்தது. பன்னிரண்டு நாட்களாகக் கதிரிலிருந்து மணிகள் தாமே உதிர்ந்துகொண்டிருந்தன. விடியுமுன் சிவன் கோயிலில் ஓதுவார் பாடும் பதிகம் ஒன்றே இரு தெருவுக்கும் பொதுவாக ஒலித்தது. பாட்டு ஓய்ந்ததும் ஊர் மறுபடியும் மூச்சை அடக்கிக்கொண்டது.

அப்படிப்பட்ட ஒரு விடியலில், பதிகம் முடிவதற்குள், மேலத்தெரு நிலக்காரர் துரைராசு காலமானார்.

கமலாம்பாள் மாமனாரின் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. மூன்றாண்டுகளாக ஒவ்வொரு நாளும் அவள் கையாலேயே போட்ட முடிச்சு அது. வாதம் வந்து வலக்கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து, வேட்டி கட்டுவது, விபூதி பூசுவது, கையெழுத்திடத் தாளைப் பிடித்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் அவருக்கு மருமகளின் விரல்கள்தாம் விரல்கள். இப்போது அந்த வயிறு அசையவில்லை. உடம்பில் சூடு மட்டும் இன்னும் மிச்சமிருந்தது.

"கெடச்சுதா?" என்றான் தியாகராசன். அவள் கணவன், இறந்தவருக்கு ஒரே மகன். நிலைப்படியில் நின்றபடி கேட்டான், உள்ளே வரவில்லை.

"இதோ. இப்ப எதுக்குங்க சாவி? குளிப்பாட்டத் தண்ணி கொண்டாரப் போயிருக்காங்க."

"பெட்டியத் தொற. ரிவால்வர எடுத்து குண்டு போட்டுக் குடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தங்கரை கார்த்திகை வெள்ளத்துல உடைஞ்சு கெடக்கு" என்றான் அவன். "சுடுகாட்டுக்கு வேற வழி கெடையாது. கீழத்தெரு வழியாத்தான் தூக்கிட்டுப் போகணும். அறுக்கமாட்டோம்னு முன்னால நிக்கற தங்கையன் சொல்லி அனுப்பியிருக்கான். நடுத்தெருவுல நின்னு ஒரு கேள்வி கேப்பானாம். பதில் சொன்னாத்தான் பாடை நகருமாம். எங்கப்பாவ அங்க எறக்கி வெச்சுட்டு நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"கேக்கத்தானே போறான்? கேட்டுட்டுப் போகட்டுமேங்க."

"ஒனக்குத் தெரியாது."

"லைசென்ஸ் மாமா பேர்ல இருக்கு. அவர் போயாச்சுன்னா நன்னிலம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்."

"ஒப்படைக்கலாம். மொதல்ல அவர் போய்ச் சேரட்டும்."

"உங்க கையில கொள்ளிச்சட்டி இருக்கும்."

"ஒரு கைலதானே?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேட்டுக்கு ஆள் வந்தாச்சு. வேட்டுச் சத்தத்தோட சத்தமா இன்னொண்ணு கேட்டா யாருக்குத் தெரியப் போகுது? நீ போட்டுத் தரமாட்டேன்னா சொல்லு. சித்தப்பா வீட்டுல ரெட்டைக்குழல் துப்பாக்கி சும்மாத்தான் தொங்குது."

சொல்லிவிட்டு அவன் கூடத்துக்குப் போனான். கோபத்தில் சொன்னவன் ஆறிவிடுவான் என்று நம்ப அவளுக்கு இடமிருக்கவில்லை. அவன் யோசித்துச் சொல்லியிருந்தான்.

பெட்டி அறை இருட்டாக இருந்தது. மரப்பெட்டியின் அடியில், பட்டுத் துணியில் சுற்றி, உள்ளங்கையில் அடங்கும் அந்த ஆயுதம் கிடந்தது. யுத்தம் முடிந்த வருஷம் அதிராம்பட்டினத்து வியாபாரி முகம்மது யூசுப் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது. குழலை யாரோ அங்கேயே கட்டையாக வெட்டிக் குட்டியாக்கியிருந்தார்கள். துரைராசு அதை ஒரு முறையும் மனிதன்மேல் நீட்டியவரல்லர். ஆனால் மாதந்தோறும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். கை விழுந்த பிறகு அந்த வேலையும் கமலாம்பாளுடையதாயிற்று. மகனைத் தொடவிட்டதில்லை. "அவனுக்கு மூக்குக்கு மேல கோவம். அவன் கண்ணுலகூட இதக் காட்டாதே" என்பார்.

அதன் விசித்திரத்தை அவர் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். உருவத்தில் ரிவால்வர், தின்னும் குண்டோ பிஸ்டலுக்கென்று செய்தது. ரிவால்வர் தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். துளைக்குள் அது நழுவிவிடாமல் அந்த விளிம்பு பிடித்துக்கொள்ளும். பிஸ்டல் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது. ஆகவே மூன்று மூன்று தோட்டாக்களைப் பிறை வடிவான ஓர் எஃகுத் தகட்டில் அழுத்திப் பூட்டி, அந்தப் பிறையோடு உருளையில் வைக்க வேண்டும். இரண்டு பிறை, ஆறு தோட்டா. பூட்டுவதற்குக் கட்டை விரலில் வலு வேண்டும். அவருடைய விரலில் அந்த வலு போன பிறகு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அவள் பூட்டினாள்.

"தகடு இல்லாமப் போட்டா என்ன மாமா?" என்று ஒரு நாள் கேட்டிருந்தாள்.

"குண்டு முன்னால நழுவிடும். விசைய அழுத்தினா பின்னாலேருந்து அடிக்குதே குதிரை, அது வந்து அடிச்சாலும் எட்டாது."

"வெடிக்கவே வெடிக்காதா?"

"அப்படியும் சொல்ல முடியாது. ஒரு தரம் கொல்லையில சுட்டுப் பாத்தேன். ரெண்டு வெடிக்கல. ஒண்ணு வெடிச்சுது."

வெளியே பெண்கள் மாரடித்து அழும் ஓசை எழுந்தது. சங்கு ஊதினார்கள். கமலாம்பாள் தரையில் உட்கார்ந்து, பிறையிலிருந்து முதல் தோட்டாவை நெம்பினாள். எஃகு விட்டுக்கொடுக்கவில்லை. நகம் பிளந்து இரத்தம் கசிந்தது. பிறை சூடிய பெருமானின் பெயர் உதட்டில் வந்து வந்து பாதியில் நின்றது. அடுத்தடுத்து ஆறையும் பிரித்தாள். பிரித்த தோட்டாக்களை ஆறு துளைகளிலும் இட்டாள். ஒவ்வொன்றும் மெல்லிய ஒலியோடு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு நூலளவு உள்ளே இறங்கிற்று. வெற்றுத் தகடுகள் இரண்டையும் குதிருக்குள் நெல்லுக்கடியில் புதைத்தாள்.

ரெண்டு வெடிக்கல. ஒண்ணு வெடிச்சுது.

தியாகராசன் உருளையைத் திறந்து பார்த்தான். ஆறு பித்தளை வட்டங்கள் தெரிந்தன. அவன் கண்ணுக்கு அது போதுமாயிருந்தது. மூடி, ஈர வேட்டியின் மடிப்பில் இடப்பக்கம் செருகி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "கையில என்ன ரத்தம்?" என்றான்.

"பெட்டிக் கீல் கீறிடுச்சு."

நீராட்டினார்கள், நெற்றி நிறைய விபூதி இட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பாடை எழுந்தது. கீழத்தெருவார் பறைக்கு வர மறுத்துவிட்டதால் வெளியூரிலிருந்து கூட்டி வந்த மேளம் முன்னே சென்றது. கொள்ளிச்சட்டியின் புகை தியாகராசனின் வெற்று மார்பைச் சுற்றிப் படர்ந்தது. பெண்கள் தெருக்கோடி வரையில் போய் நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் போகும் வழக்கமில்லை.

திரும்பி வந்து கிணற்றடியில் தலையில் நீர் ஊற்றிக்கொண்டபோது கோயில் முக்கில் முதல் வேட்டு வெடித்தது. கமலாம்பாளின் கையிலிருந்து செம்பு நழுவிக் கல்லில் உருண்டது.

"ஏண்டி, வேட்டுக்கா இப்படித் தூக்கிப் போடுது?" என்றாள் நாத்தனார் நாகம்மாள். "ஒங்கல்யாணத்துல போட்டதுல பாதிகூட இல்ல இது. அப்ப நீ சிரிச்சுக்கிட்டு நின்னவ."

"அப்ப எனக்குக் காது கேக்கல போலருக்கு, அண்ணி."

அடுத்தது மதகருகே. அதற்கடுத்தது புளியந்தோப்பில். ஒவ்வொரு சத்தமும் கீழத்தெருவை நெருங்கிக்கொண்டே போயிற்று. ஈரப் புடவையோடு அவள் கொல்லைப் படலைப் பிடித்து நின்றாள். அப்புறம் மேளம் நின்றது. பெண்கள் பேச்சும் நின்றது. வயலுக்கு மேல் பறந்த கொக்கின் சிறகொலிகூடக் கேட்டுவிடும் போலிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடிந்திருக்காது.

ஒரு வெடி.

தனியாக ஒன்று. வேட்டா, மற்றதா? அதன் பின்னே ஓலம் வருமென்று உடம்பெல்லாம் செவியாக நின்றாள். ஓலம் வரவில்லை. வேறெதுவும் வரவில்லை. நெடுநேரம் கழித்து, வெகு தொலைவில், மேளம் மெதுவாகத் தொடங்கியது.

ஆண்கள் ஆற்றில் மூழ்கி வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தலை மழித்த தியாகராசன் வேற்று மனிதனைப்போல் இருந்தான். விளக்கைப் பார்த்துக் கும்பிட்டு உள்ளே வந்து, துண்டில் சுற்றியதை அவள் கையில் வைத்தான்.

"ஒண்ணும் ஆகலியேங்க?"

"ஒண்ணும் ஆகல. வழி விட்டுட்டாங்க. பெட்டியில வை." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

கொல்லையில் மாடு கத்திற்று. அவள் போனபோது, வழக்கமாகக் கறக்க வரும் தங்கையன் மனைவி பொன்னுத்தாய் ஏற்கெனவே கன்றை அவிழ்த்துவிட்டிருந்தாள். பன்னிரண்டு நாட்களாக அவள் அந்தக் கொல்லையை மிதிக்கவில்லை.

"மாடு கத்தறது எங்க தெருவு வரைக்கும் கேக்குது" என்றாள் பொன்னுத்தாய். "உங்களுக்காக வரல சின்னம்மா, இப்பவே சொல்லிட்டேன். மாட்டுக்காக வந்தேன். இத்தன நாளா யாரு கறந்தா?"

"நான்தான்."

"மடியப் பாத்தாலே தெரியுது கறந்த லட்சணம்."

கமலாம்பாள் தொழுவக் காலில் சாய்ந்துகொண்டாள். "தெருவுல என்ன நடந்துது பொன்னுத்தாயி?"

"சின்னய்யா சொல்லலியா? எங்க ஆளு நடுவுல போயி நின்னாரு. கையில கம்புகூட இல்ல. காலையிலேருந்து நானும் தலையால அடிச்சுக்கறேன், பொணத்துக்கு முன்னால பேச்சு வேணாம் மனுசான்னு. கேட்டாத்தானே! 'எங்க தெருவு வழியா ஒங்க சாவு போகுது. நாளைக்கு எங்கள்ல ஒருத்தரு போனா, ஒங்க தெருவு வழியாத் தூக்கிட்டுப் போகலாமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க'ன்னாரு."

"அவர் என்ன சொன்னார்?"

"வாயத் தொறக்கல. சட்டிப் பொகை மூஞ்சில அடிக்குது, கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்து கெடக்கு. எங்க ஆளுக்கும் அவருக்கும் நடுவுல ரெண்டடிகூட இல்ல. இடது கைய மடியில விட்டாரு. பொகையிலை எடுக்கறாரு போலன்னு நெனச்சேன். அந்நேரம் பாத்து வேட்டு வெடிச்சுது. எம் மவ பயந்துபோய் முந்தானையில மூஞ்சிய பொதைச்சுக்கிட்டா. அவளத் தேத்திட்டு நிமிந்து பாக்கறேன், சின்னய்யா மொகம் சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு. சட்டி சாயுது. கங்கு கீழ சிந்துது. அப்புறம்தான் 'போகலாம்'னாரு."

"என்ன?"

"'ஒங்க சாவும் எங்க தெருவுல போகலாம்'னாரு. அத்தன பேரு காதுலயும் விழுந்துது. எங்க ஆளு கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிட்டாரு." பொன்னுத்தாய் செம்பை முழங்காலிடையே இடுக்கிக்கொண்டாள். "நல்ல மனசு வந்துடுச்சு சின்னய்யாவுக்கு. அப்பன் போன துக்கம் ஆள மாத்திடும்னு நாங்க பேசிக்கிட்டோம்."

பால் செம்பில் பீய்ச்சும் ஓசை சீராக எழுந்தது. கமலாம்பாள் உள்ளே போனாள்.

பெட்டி அறைச் சாளரத்தடியில் கடைசி வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. உருளையைத் திறந்து, தோட்டாவை வெளியே தள்ளும் கோலை அழுத்தினாள். பிடித்திழுக்க விளிம்பில்லாததால் தோட்டாக்கள் அசையவில்லை. மூங்கில் குச்சி ஒன்றை முன்பக்கத் துளையில் விட்டு ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி உள்ளங்கையில் வாங்கினாள். முதல் தோட்டாவின் அடிப்பாகம் வழவழப்பாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதைச் சாளரத்தருகே கொண்டுபோனாள்.

அதன் நடுவில், கடுகளவுக்கு, ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அவள் அதன்மேல் பிளந்த நகத்தை வைத்துப் பார்த்தாள். அவன் விசையை அழுத்தியிருக்கிறான். குதிரை வந்து தொட்டிருக்கிறது. தொட்ட அளவில் நின்றிருக்கிறது. சுவருக்கு அப்பால், கூடத்து மூலையில், அவள் கணவன் இருமும் ஒலி கேட்டது. ஐந்து நெல் கிடக்கும் அகலம்கூட இல்லாத அந்தப் பித்தளை வட்டத்தை அவள் வெகுநேரம் விரல்களுக்குள் மூடி வைத்திருந்தாள். பிறகு ஆறையும் தண்ணீர்க் குடத்துக்குள் விட்டாள்.

மாமனார் தலை கிடந்த இடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் வற்றியிருந்தது. வார்த்து, திரியைத் தூண்டி, முன்னே உட்கார்ந்தாள். நாள்தோறும் அவருக்காக எடுத்துக்கொடுத்த பதிகத்தின் எந்த அடியும் நினைவில் எழவில்லை. ஐந்தெழுத்து மட்டும் வந்தது. அதையே சொல்லி, நெற்றி நிலத்தில் படப் பணிந்து, எழ மனமின்றி அப்படியே கிடந்தாள்.

கொல்லை வாசலில் பால்செம்பு வைக்கும் ஓசை கேட்டது. சாவு வீட்டில் விடைசொல்லிக்கொள்ளும் வழக்கமில்லை. பொன்னுத்தாய் பேசாமல் படலைத் திறந்தாள்.

"பொன்னுத்தாயி, நில்லு."

கமலாம்பாள் விபூதித் தட்டோடு இறங்கி வந்தாள். ஒரு கணம் பொன்னுத்தாய் பின்வாங்கினாள். அவள் நெற்றியில் கமலாம்பாளின் விரல் பட்டு, மெதுவாக, ஒரு கோடு இழுத்தது.

"என்ன சின்னம்மா இது? எழவு வீட்டுல வாழ்த்து வாங்கலாமா?"

"வாங்கலாம்" என்றாள் கமலாம்பாள். "தாலி கெட்டியா, பூவும் பொட்டுமா, தங்கையனோட நெடுங்காலம் நல்லா இரு."