வராத காகிதம்

"சார், நேரா இருக்குதுங்களா பாருங்க" என்று பந்தல் காலின் மேலிருந்து பேனர் கட்டுகிறவன் குரல் கொடுத்தான். இளவழகன் நிமிர்ந்து பார்க்காமலே தலையை ஆட்டினான். பேனர் நேராகத்தான் இருக்கும். கோணல் எல்லாம் அதில் எழுதியிருந்ததில்தான். 'எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் களம் கண்ட முன்னாள் ராணுவ வீரர் கருப்பண்ணன்' என்று கொட்டை எழுத்து. அதற்கு மேலே, யாரோ ஒரு தளபதியின் உடம்பில் அப்பாவின் தலை. மார்பில் ஒன்பது மெடல். பிளக்ஸ் கடைக்காரன் கை தாராளம். வேண்டாமென்று சொல்ல இளவழகனுக்கும் வாய் வரவில்லை.

அப்பா நேற்றுச் சாயங்காலம் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். நாமக்கல்லில் இளவழகன் மேலாளராக இருக்கும் விடுதிப் பள்ளியின் தாளாளர் காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சுதந்திர தினத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டுக் கொடியேற்ற வைத்தவர் அவர். மைக்கில் 'போர்வீரர்' என்று அவர் முழங்கும்போதெல்லாம் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

"தம்பி, அப்பாவோட நம்பரு, ரேங்கு, ரெஜிமெண்டு, மூணையும் எழுதிக் குடுத்துருங்க. மலர்வளையம் வெக்கறப்ப வாசிக்கோணும்" என்றார் சின்னராஜ். முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர். "எத்தனயோ தடவ கூப்புட்டும் உங்கப்பா சங்கத்துப் பக்கமே வரலீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"பாத்துச் சொல்றனுங்க" என்றான் இளவழகன். பார்க்க என்ன இருக்கிறது? அப்பாவின் ராணுவக் கோப்பு, பதினான்கு பக்கமும், சட்டைப்பையில் போனுக்குள் இருந்தது.

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் கோழிப்பண்ணையையும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியையும் போட்டுக்கொள்ளட்டும், நம் பக்கத்தில் ஒரு ராணுவ வீரர் நிற்பார் என்று இளவழகனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்று வெகுநாளாயிற்று. ஆனால் ராணுவ ரெக்கார்டு ஆபீசில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள், இணையத்தில் விண்ணப்பித்தால் மெயிலில் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு அவனே விண்ணப்பித்தான். அப்பா தன் நம்பரைத் தடுமாறாமல் சொன்னார். கைநாட்டு வைக்கும்போது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

நாலு மாதத்துக்கு முன் கோப்பு வந்தது. முதல் பக்கத்திலேயே பணி: மசால்ச்சி. அப்படியென்றால் என்னவென்று தேடிப் பார்த்தான். சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவர். சரி, போகட்டும் என்று பக்கங்களைத் தள்ளினால் ஐந்தாம் பக்கத்தில் சிவப்பு மை. அனுமதி இல்லாமல் முகாமை விட்டு ஓடியது, விஜயவாடா ஸ்டேஷனில் ராணுவப் போலீசிடம் பிடிபட்டது, இருபத்தெட்டு நாள் சிறை. அதற்கு மேல் அவன் ஒரு வரி படிக்கவில்லை. இதையா மலரில் போடுவது? தாளாளர் கண்ணில் பட்டால் என்ன ஆவது?

"இன்னும் வரலீங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அப்பாவிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா என்பார், அடுத்த கேள்வி காகிதம் வந்ததா என்பதுதான். முந்தாநாள் ஆஸ்பத்திரியில்கூட ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "அந்தக் காகிதம் வந்துருச்சா சாமி?" என்று கேட்டார். "வரலீங்கப்பா" என்றான். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். காப்பாற்றிக்கொண்டது தன்னுடையதை.

"அக்கா, எந்திரிச்சு வாக்கா. நேரமாவுது" என்று ராசு மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை என்பதால் அவர்கள் வாய்க்கரிசியை வாசலிலேயே போட்டுவிட வேண்டும். முதலில் போட வேண்டியது கட்டிய மனைவி. அரிசித் தட்டு காத்திருந்தது.

அம்மா அத்தாயி சுவரோரம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் போடமாட்டேன்."

"என்னக்கா பேசற? ஊரே நிக்குது."

"நிக்கட்டும்." அவள் கத்தவில்லை. அதனாலேயே பந்தல் முழுக்கக் கேட்டது. "என்ற மக அங்கம்மாளுக்கு ஒரு கைப்பிடி மண்ணு போட வராத மனுசன். நான் எதுக்குங்கறேன் வாய்க்கரிசி போடோணும்? ஒண்ணே கால் வயசுப் புள்ள. பங்குனி மூணாந்தேதி போயிருச்சு. சீக்குன்னு தந்தி குடுத்து அஞ்சு நாளு வழி பாத்தேன். அப்பறம் நாந்தான் மடில தூக்கிட்டுப் போயிக் குழில வெச்சேன்."

இளவழகனுக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து இறந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். எந்த வருடம், எந்த மாதம் என்று ஐம்பது வயதாகியும் அவன் கேட்டதில்லை.

"கெளம்பித்தான் வந்தேன், வழில புடிச்சுப்போட்டாங்கம்பாரு. நான் நம்பல. ஆறு மாசம் கழிச்சுப் பொட்டியத் தூக்கிட்டு வந்து சொன்னா எவ நம்புவா? இப்பப் பாரு, ஏதோ காகிதம் வருதாமா, அதுல சர்க்காரே எழுதியிருக்குதாமா. அத்தாயி, வரட்டும் பாருன்னு தெனமும் சொல்லிட்டுக் கெடந்தாரு. எங்க அந்தக் காகிதம்?"

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இளவழகனுக்கு இப்போதுதான் புரிந்தது. அப்பா மலருக்காகக் கேட்கவில்லை. கொடிக்கும் மெடலுக்கும் அவர் என்றைக்கு ஆசைப்பட்டார்? இந்த ஒருத்திக்குக் காட்டத்தான் கேட்டிருக்கிறார். பேசாமல் இருந்துவிட்டால் பாடை எப்படியும் எழும்பத்தான் போகிறது, மாமா நாலு வார்த்தை சமாதானம் சொல்லித் தூக்க வைத்துவிடுவார். அப்படி நினைத்த தன் புத்தியை நினைத்து அவனுக்கே காறித் துப்பலாம் போலிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தான்.

"இருக்குதுங்கம்மா. படிக்கறேன்."

முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினான். நம்பர், பெயர், ஊர். மசால்ச்சி என்ற இடத்தில் குரல் தேய்ந்தது. "அப்படின்னா பாத்திரம் கழுவறவருங்க."

"அது எனக்குத் தெரியும். மேல படி."

ஐந்தாம் பக்கம். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு மார்ச் பன்னண்டு, அனுமதி இல்லாம முகாம விட்டுப் போனாரு. மார்ச் பதினஞ்சு, விஜயவாடா ஸ்டேஷன்ல கைதுங்க."

"பதினஞ்சுன்னா பங்குனி ரெண்டு" என்றார் ராசு மாமா, விரலில் எண்ணி.

அதற்குக் கீழே இருந்த வரியை அவன் இப்போதுதான் முதல்முறையாகப் படித்தான். "குழந்தைக்குச் சீரியஸ்னு தந்தி வந்தது, லீவு கேட்டுக் குடுக்கல, அதனால கெளம்பினேன்னு சொல்றாரு. இருபத்தெட்டு நாளு ஜெயிலுங்க."

சின்னராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா போனின் சின்னக் கண்ணாடித் திரையைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிவப்பாக இருந்த இடத்தின்மேல் விரலை வைத்தாள். விரல் பட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டது. அவன் மறுபடி கொண்டுவந்து காட்டினான்.

"இது எப்பச் சாமி வந்துச்சு?"

இன்று காலையில் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நாலு மாசம் ஆச்சுங்கம்மா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கையைத் தரையில் ஊன்றித் தானே எழுந்து, பிடிக்க வந்த தம்பியின் கையை விலக்கிவிட்டு நடந்தாள். பாடையருகே குனிந்து, பஞ்சு வைத்திருந்த காதோரம் வாயைக் கொண்டுபோனாள்.

"ஏனுங்க, காகிதம் வந்துருச்சுங்க" என்றாள்.

பிறகு அரிசி எடுத்து மூன்று தடவை போட்டாள். நாலாவதாக, அங்கம்மாள் பேரைச் சொல்லி ஒரு பிடி போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

ராசு மாமா தட்டை இளவழகனிடம் நீட்டினார். ஆண்கள் சுடுகாட்டில் போடுவதுதான் வழக்கம், இருந்தாலும், "நீயும் இங்கயே போட்டுரு மாப்ள" என்றார். அவன் அள்ளினான். அப்பாவின் வாயருகே கொண்டுபோய் விரல்களை விரித்தான். கையெல்லாம் வியர்வை. அரிசி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றது.