அறுபத்தொரு ஆட்டம், கோல் பூஜ்யம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டனை நாங்கள் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். தடுப்பாட்டக்காரி. நான்கு வருடத்தில் அறுபத்தொரு ஆட்டம், மூன்று தடவை லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரி விருது. போன மாதம் ஒரு பெரிய கிளப்பிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. எதிரணியில் எப்பேர்ப்பட்டவள் வந்தாலும் இவளிடம் பாச்சா பலிக்காது. இதை நான் சும்மா அளக்கவில்லை. நான் கோல்கீப்பர். அவள் புண்ணியத்தில் பாதி ஆட்டங்களில் என் கையுறை அழுக்கானதே இல்லை.

ஆனால் அவள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவள் அப்பாவுக்குத்தான் அது பெரிய குறை.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஆட்டம் நடக்கும் நாளாகப் பார்த்து எவனாவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வான். அதனால் அவர் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. முடிந்ததும் போன் மட்டும் தவறாமல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கழற்றும் எனக்கே மனப்பாடம்.

"எத்தனை கோல்மா போட்ட?"

"போடலப்பா. நான் தடுக்குற ஆளுப்பா."

"சரி, தடுத்துட்டு மிச்ச நேரத்துல ஒண்ணு போடலாம்ல?"

பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையைத் தேற்றுவது போல, "விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவார். இவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கடைசி லீக் ஆட்டத்துக்கு அவர் வந்துவிட்டார். ஷிஃப்டைச் சக ஊழியர் தலையில் கட்டிவிட்டு, வேலைப் பையும் தோளுமாகக் கேலரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூட்டு அவரைப் பார்த்ததும் ஷூ நாடாவை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள்.

"இன்னைக்கு ஒண்ணாவது போடணும்டி. அவரு இன்னொரு தடவை வரமாட்டாரு" என்றாள்.

எங்களுக்கு டிரா ஆனாலே கோப்பை. முதல் பாதியில் மீன்கொத்தி இரண்டு கோல் அடித்துவிட்டாள். மீன்கொத்தி எங்கள் முன்வரிசைக்காரி. பந்தைக் கண்டால் கொத்தாமல் விடமாட்டாள். இடைவேளையில் கோச் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அவள்தான் திட்டம் போட்டாள்.

"ரெண்டு கோல் முன்னாடி இருக்கோம். இனிமே எல்லா பந்தும் பூட்டுக்குத்தான். அப்பா முன்னாடி அவ போட்டே ஆகணும்."

"அப்போ பின்னாடி யாரு?" என்று கேட்டேன்.

"நீ இருக்கியே!"

ரொம்ப நல்ல யோசனை. நான்கு வருடம் நிம்மதியாக இருந்தேன், யார் கண்பட்டதோ.

இரண்டாம் பாதியில் நடந்தது கால்பந்து இல்லை, கூத்து. மீன்கொத்தி வெறும் வலை முன்னால் நின்றுகொண்டு பந்தைப் பின்னால் தள்ளி, "நீ அடி, நீ அடி" என்று உபசாரம் செய்தாள். பூட்டு அடித்த பந்துகள் வானத்துக்குப் போயின. ஒன்று எங்கள் கோச்சின் நாற்காலிக்கே போனது. அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கத்திக்கொண்டிருந்தார். எதிரணிக்காரிகளோ திறந்த வீட்டில் நுழைவது போல என்னிடம் வந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. பிறகு இரண்டுக்கு இரண்டு. அன்றைக்கு நான் விட்ட சாபத்தில் மீன்கொத்தி ஏழு ஜென்மத்துக்கு விளங்கமாட்டாள்.

கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது. பந்தை எடுத்து பூட்டின் கையில் திணித்தார்கள். கேலரியில் அப்பா எழுந்து நின்றார்.

அடித்தாள். அந்தக் கீப்பர் பந்தைப் பூப்போலப் பிடித்து, ஒரே வீச்சில் நடுக்கோட்டுக்கு எறிந்தாள். அங்கே அவர்களுடைய ஓட்டக்காரி காத்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் புல் மட்டும்தான் இருந்தது.

நான் முன்னால் பாய்ந்து அவளை ஓரமாக விலகி ஓட வைத்தேன். அதில் இரண்டு நொடி மிச்சமானது, இதை யாரும் சொல்வதில்லை. அவள் எனக்குத் தண்ணி காட்டிவிட்டுக் காலி வலையை நோக்கி அடித்தாள். தரையில் கிடந்தபடி கண்ணை மூடப் போனேன். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்த பூட்டு, சறுக்கிக்கொண்டே கோட்டின் மேல் காலை நீட்டினாள். பந்து தெறித்துக் கம்பத்துக்கு வெளியே போய், வலையின் பக்கவாட்டில் மோதியது. விசில் ஒலித்தது. கோப்பை எங்களுக்கு.

எல்லோரும் அவள் மேல் விழுந்து புரண்டார்கள். அப்பா வேலிக் கதவைத் தாண்டி வேலைப் பையோடு ஓடிவந்தார்.

"போட்டுட்டியேம்மா! வலை ஆடுனத என் கண்ணால பாத்தேன்!"

மீன்கொத்தி துளியும் கூசாமல், "ஆமாப்பா, சூப்பர் கோல்!" என்றாள். நானும் வேகமாகத் தலையாட்டினேன். பூட்டும் தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"கோல் இல்லப்பா. உள்ள போக இருந்ததை வெளிய தள்ளினேன். எனக்குக் கிடைச்சதையும் கோட்டை விட்டுட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. அந்தக் கோடியைப் பார்த்தார். இந்தக் கோடியைப் பார்த்தார்.

"நீ அங்கதானே நின்ன?"

"ம்."

"அவ்வளவு தூரமும் ஓடியா வந்த? மத்தவங்க எல்லாம் என்ன பண்ணாங்க?"

"பாத்துட்டு நின்னாங்கப்பா" என்று நானே போட்டுக்கொடுத்தேன்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவள் அம்மா. கேள்வி எங்கள் எல்லோருக்குமே கேட்டது: போட்டாளா, இல்லையா?

"கோலா? அதை இங்க ஆளாளுக்குப் போடுறாங்க" என்றார். பையைக் கீழே வைத்தார். "கடைசியில எல்லாரும் அந்தப் பக்கம் நிக்கிறாங்க. இங்க ஒரு ஆளு கிடையாது. நம்ம பொண்ணு ஒருத்திதான் ஓடி வந்தா. நீ பாத்திருக்கணும், அவ ஓடி வந்ததை நீ பாத்திருக்கணும்."

பூட்டு புல்லில் அப்படியே உட்கார்ந்து, சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் நிறுத்தவில்லை. எங்கிருந்து எங்கே ஓடினாள் என்று போனில் இருந்த அம்மாவுக்குக் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.