அறுபத்தோராவது ஆள்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இக்ராமின் கைபேசிக் கடையில், மாடியறை போயா எனும் பௌர்ணமி விடுமுறைகளில் கார்ட் விளையாட்டுக்காரர்களுக்கு உரியது. அன்றைய போயாவில் அங்கே ஒரு முடிவு தெரியவேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு கண்டியில் நடக்கும் போட்டிக்குக் கடையின் சார்பில் நான்கு பேர் போகிறார்கள். மூன்று பேர் தேறிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு வினோஜனும் இக்ராமின் தங்கை ஜிப்ரியாவும் பிற்பகல் இரண்டு மணிக்கு மோதுவதாக ஏற்பாடு.

வினோஜனுக்கு இருபத்தெட்டு வயது. பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். லயம் எனும் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு, பழைய பட்டத்தில் இன்னமும் கண்டாக்கையாதான். இரண்டு வருடமாக இந்த நான்காவது இடத்தைக் கோட்டைவிட்டு வருபவன். இந்த முறை தோற்க முடியாத நிலையைத் தானே உண்டாக்கிக்கொண்டான். கண்டிக்குப் போகப்போவதாகப் பெரட்டில் சொல்லிவிட்டான். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை விழுந்தால், பத்து மணித் தேநீருக்குள் ஏழு லயத்துக்கும் போய்விடும். கொழுந்தெடுக்கும் ராசம்மா மறுநாளே கேட்டாள்: "கப்பு வாங்கியாந்தா எங்ககிட்டயும் காட்டுங்கய்யா. தேத்தண்ணி குடிக்க ஆகுமான்னு பாக்கணும்."

பதினொரு மணிக்கு வினோஜன் தன் கார்ட் கட்டைக் கொண்டுவந்து கடையின் பழுதுபார்க்கும் மேசையில் வைத்தான். அந்த மேசையில் வேலை செய்பவள் தனுஜா, அவனுடைய தாய்மாமன் மகள். திறந்து கிடந்த கைபேசி ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு எண்ணிப் பார்த்தாள்.

"எழுபத்தி நாலு. அறுபதுதானே மச்சான் இருக்கணும்?"

"கொறைக்கணும். அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்தேன்."

"பெரட்டுக்கு வந்த எல்லாருக்கும் பேர் போட்டுட்டீங்க."

அது வெறும் கேலி அல்ல. பேர் போடுவது என்றால் அன்றைய வேலைக்குப் பதிவது. காலையில் பிந்தி வருகிறவர்களை வினோஜனால் திருப்பி அனுப்ப முடியாது. மழையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை எப்படிப் போகச் சொல்வது என்று, வடிகால் கான் ஓரத்தில் புல் பிடுங்கவாவது அனுப்பிவிடுவான். இதற்காகத் தோட்ட நிர்வாகியான தொரையிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

விளையாட்டு சிக்கலானதல்ல. இருவருக்கும் ஆளுக்கு இருபது உயிர்; கார்டிலுள்ள மிருகம் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று குறையும். ஒவ்வொரு முறையும் கையில் ஒரு சக்தி கூடும். ஒரு சக்தி கேட்கும் சின்ன மிருகம் முதல் முறையிலேயே களத்துக்கு வந்துவிடும்; ஏழு சக்தி கேட்கும் பெரிய மிருகத்துக்கு ஏழு முறை காத்திருக்கவேண்டும். ஜிப்ரியா காத்திருப்பதில் கெட்டிக்காரி. பாடசாலையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்; பொறுமைக்குக் குறைவில்லை. அவளுடைய பெரிய மிருகங்கள் வந்து சேருமுன் சின்னவற்றை வைத்து அடித்து முடிப்பதுதான் அவளை வெல்லும் வழி. மூன்று வாரமாகத் தனுஜா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கார்ட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தாள். "கீரி இருக்கட்டும். முள்ளம்பன்றி இருக்கட்டும். இந்த ஆமை?"

"அது நல்லாத் தடுக்கும்."

"நீங்க அடிக்கப் போறீங்களா, தடுக்கப் போறீங்களா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்."

"ஆமை வீட்டுக்கு. நத்தை?"

"அது ஒரு சக்திதானே கேக்குது."

"அடியும் ஒண்ணுதானே அடிக்குது. அதே ஒரு சக்திக்குக் கீரி ரெண்டு அடிக்கும்."

"போன வருசம் ஒரு ஆட்டம் இந்த நத்தையாலதான் தப்பிச்சேன் தனு."

"அப்ப ஈபிஎப் காசு குடுத்து மரியாதையா அனுப்பிடுங்க."

இப்படியே பதின்மூன்று கார்ட் வெளியே போயின. எடுக்கவேண்டியது இன்னும் ஒன்று மிஞ்சியது. தங்க விளிம்பு போட்ட பறக்கும் நாகம், ஏழு சக்தி. தனுஜா கை நீட்டியதும் வினோஜன் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"இத மட்டும் தொடாத. இது இருந்தாத்தான் கட்டுக்கே ஒரு மதிப்பு."

"இது எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும். பங்களாவ விட்டு எறங்காத தொரைய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

அவன் கேட்கவில்லை. நாகத்துக்குப் பதில் இன்னொரு கார்டை எடுத்து, அறுபதை நேர்த்தியாக அடுக்கி ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்துவிட்டு, தனுஜா தன் கைபேசிக்குத் திரும்பினாள். வினோஜன் சாப்பிடப் போனான்.

இரண்டு மணிக்கு மாடியில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கட்டுகளையும் இக்ராம் எண்ணுவது வழக்கம். ஜிப்ரியாவுடையது அறுபது. வினோஜனுடையதை ஒருமுறை எண்ணினார், நெற்றியைத் தடவிக்கொண்டு இன்னொரு முறை எண்ணினார்.

"அறுபத்தொண்ணு ஈக்கி தம்பி."

தனுஜா வினோஜனைப் பார்த்தாள். வினோஜன் ஜன்னல் வழியே நிறுத்தத்தில் நின்ற ஹட்டன் பஸ்ஸைப் பார்த்தான்.

"நான் எந்திரிச்சு வர்றப்போ நத்தை மட்டும் மேசை ஓரத்துல தனியாக் கெடந்துச்சு," என்றான்.

எண்ணிக்கை பிசகினால் முதல் ஆட்டம் எதிராளிக்கு. கண்டியிலும் அதுதான் சட்டம் என்பதால் இக்ராமால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"நானா, நான் இன்னும் கதிரையில சரியா இருக்கவும் இல்ல," என்றாள் ஜிப்ரியா அண்ணனிடம். "அதுக்குள்ள ஒரு ஆட்டம் வெண்டுட்டேன்."

மூன்றில் இரண்டை வெல்லவேண்டும். அதாவது, மீதி இரண்டையும் வினோஜன் வென்றாக வேண்டும். அதற்கு முன் ஒரு கார்டை எடுத்துவிட வேண்டும். இக்ராம் இரண்டு நிமிடம் கொடுத்தார்.

வினோஜன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். பத்துப் பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சொல்லுங்க தொரை," என்றாள் ஜிப்ரியா. "இண்டைக்கு யாருக்கு வேல இல்ல?"

அவன் விரல் நத்தையின் மேல் போய் நின்றது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நகர்ந்து, பறக்கும் நாகத்தைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டது.

"இவருக்கு எங்க போனாலும் சாப்பாடு கெடைக்கும்," என்றான்.

மூன்று வாரம் தொண்டை வற்றச் சொல்லியும் நடக்காத காரியம், ஒரு நத்தையின் மேல் வந்த இரக்கத்தால் நடந்துவிட்டது. தனுஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதக் காலையிலயே செஞ்சிருந்தா என்ன மச்சான்?"

இரண்டாவது ஆட்டம் ஐந்தாவது முறையோடு முடிந்தது. கீரியும் முள்ளம்பன்றியும் அடுக்கடுக்காக வந்து விழுந்தன. ஜிப்ரியாவின் கையில் மூன்று பெரிய மிருகங்கள் இறங்க வழியில்லாமல் இருந்தன. நத்தை கட்டின் அடியில் எங்கோ கிடந்தது, கைக்கே வரவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஜிப்ரியா சுதாரித்துக்கொண்டாள். ஆறாவது முறைக்கு அவளுக்கு எட்டு உயிர், காவலுக்கு இரண்டு கரடி. வினோஜனுக்கு மூன்றே உயிர், ஆனால் ஆறு மிருகங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி. ஒரு கரடி ஒன்றைத்தான் தடுக்கும். ஆறையும் அனுப்பினால் நான்கு உள்ளே போகும், எட்டு அடி, ஆட்டம் முடியும். ஆனால் அடிக்கப் போகும் கார்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கவேண்டும். சாய்ந்தது எதிராளியின் முறையில் காவல் நிற்காது. ஜிப்ரியாவின் கையில் தெரியாத இரண்டு கார்ட்கள் இருந்தன. அவற்றில் ஒன்று தடுக்கக்கூடியதாக இருந்தால், அடுத்த முறை கரடிகள் வந்து வினோஜனின் மூன்று உயிரையும் துடைத்துவிடும்.

பார்ப்பவர்கள் பேசக்கூடாது என்பது இக்ராமின் சட்டம். தனுஜா ஒரு சின்னத் திருப்புளியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வினோஜன் ஒன்றைச் சாய்த்தான். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதன் மேல் கை நின்றுவிட்டது. எல்லோரையும் ஒரே தேயிலை மலைக்கு அவன் ஒருநாளும் அனுப்பியதில்லை. கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்து வெட்ட இத்தனை பேர், குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஒருத்தி, எதற்கும் கைவசம் ஒரு ஆள். ஐந்து மட்டும் போனால் ஆறு அடிதான் விழும், ஜிப்ரியாவுக்கு இரண்டு உயிர் மிஞ்சும், அடுத்த முறை அவளுக்கு ஏழு சக்தி வரும். இது அவனுக்கும் தெரியும். கைதான் கேட்கவில்லை.

ஜிப்ரியாவால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஒற்றைக் கார்டைக் காட்டிக் கேட்டாள்.

"அவர் என்ன, பிள்ளைக்காம்பராவுல தொட்டில் ஆட்டவா?"

அறையே சிரித்தது. வினோஜனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே ஆறாவதையும் சாய்த்தான்.

"இல்ல டீச்சர். அவரும் மலைக்குத்தான்."

ஜிப்ரியா இரண்டு கரடிகளையும் நகர்த்தினாள். மீதி நான்கையும் பார்த்தாள். கையிலிருந்த இரண்டு கார்ட்களை மெதுவாகத் திருப்பி மேசையில் வைத்தாள். ஒன்று ஏழு சக்தி, மற்றது ஒன்பது.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, கண்டி வேன்ல ஜன்னலோரம் எனக்கு," என்றாள்.

இக்ராம் சுவரில் ஒட்டியிருந்த தாளில் நான்காவது பெயரை எழுதினார். ஜிப்ரியா எழுந்து கை நீட்டினாள். வினோஜன் அதைக் கவனிக்கவில்லை. சாய்ந்து கிடந்த ஆறையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல கையக் குடுங்க மச்சான்," என்றாள் தனுஜா. "அவங்க ஆறு பேரும் தானா எந்திரிச்சுக்குவாங்க."